கடைசி வரிசை நாற்காலி

அன்பு மகளுக்கு,

தலைமையாசிரியர் பொறுப்பேற்று ஒரு மாதத்துக்குள், "காலை முதல் மாலை வரை கோப்புகள்தான் அம்மா, மணி அடிப்பதுகூடக் காதில் விழுவதில்லை" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் மனம் கனத்தது. அதே இடத்தில் 11 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள், கையில் குறிப்பேட்டுடன் நாள்தோறும் வராந்தாவைச் சுற்றி வருவேன். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் இரண்டு நிமிடம். என் காலடி கேட்டதும் ஆசிரியரின் குரல் உயரும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பள்ளி நன்றாக நடக்கிறது என்று நம்பினேன். நான் வருவதற்கு முன்னும் போன பின்னும் அங்கே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்காவின் மயாமி-டேட் பள்ளிகளில் சுமார் நூறு தலைமையாசிரியர்களை நாள் முழுவதும் உடனிருந்து கவனித்து, கிரிசம், லோப், மாஸ்டர் ஆகிய மூவர் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆசிரியருக்குக் கற்பித்தலில் கைகொடுக்க அதிக நேரம் செலவிட்ட இடங்களில் மாணவர்களின் முன்னேற்றமும் கூடியிருந்தது. வகுப்புகளை வெறுமனே எட்டிப் பார்ப்பதில் நேரம் போன இடங்களில் அது குறைவாகவே இருந்தது. படித்த அன்று என் குறிப்பேடுதான் நினைவுக்கு வந்தது.

நான் மாறியது ஒரு கணித வகுப்பில். அன்று பாடவேளை முழுவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். ஐந்தில் இரண்டு, பாதியைவிடச் சிறியது! கூட்டினால் எப்படிக் குறையும் என்று ஒரு குழந்தைக்கும் தோன்றவில்லை. மாலையில் ஆசிரியரிடம் குறை எதுவும் சொல்லாமல், நோட்டுகளை மேசையில் பரப்பி, "இவர்கள் என்ன நினைத்து இப்படி எழுதியிருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த வாரம் கணித ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அதே பாடத்தை நான் நடத்த, அவர்கள் பின்னால் அமர்ந்து பார்த்தார்கள். என் கை நடுங்கியது உண்மை. ஆனால் அன்றுமுதல்தான் அவர்கள் தங்கள் சிக்கல்களை என்னிடம் மறைக்காமல் சொன்னார்கள்.

நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழுவினர் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைமையின் ஐந்து வகைச் செயல்களில், மாணவர்களின் கற்றலில் மிகப் பெரிய விளைவு (விளைவின் அளவைக் காட்டும் எண்ணில் 0.84) ஆசிரியர்கள் கற்பதை ஊக்குவித்துத் தானும் அதில் கலந்துகொள்வதற்கே கிடைத்தது. ஒழுங்கான, ஆதரவான சூழலுக்குக் கிடைத்தது 0.27. ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நின்றுவிடாதே என்கிறேன்.

கோப்புகள் ஒருநாளும் தீராது, கண்ணே. அதனால் வாரத்தில் மூன்று பாடவேளைகளை உன் கால அட்டவணையில் இப்போதே எழுதிவிடு. அந்த நேரத்தில் யார் வந்தாலும் காத்திருக்கட்டும். பார்த்த அன்றே ஆசிரியரிடம் பேசு, ஒரே ஒரு விஷயம் பற்றி. அறிவிப்புகளைச் சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டு, ஆசிரியர் கூட்டத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திறந்து வையுங்கள்.

முதலில் எந்த வகுப்பில் உட்கார்ந்தாய், அங்கே எந்தக் குழந்தை என்ன எழுதியிருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா