ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். உன் இடுப்பு வலி குறைந்தது அதைவிடப் பெரிய செய்தி, நடைப்பயிற்சியை விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, வார இறுதியில் வந்து போகிறான்.

இனி நீ கேட்ட கேள்வி. இத்தனை ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரிலும் வார்டிலும் நின்றவள், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்களுக்குப் போன் செய்யும் வேலையை ஏன் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும், ஓராண்டு முடிவிலும் கூப்பிட்டு, வலி எப்படி இருக்கிறது, படி இறங்க முடிகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்டுப் பதிவு செய்கிறேன். இதைவிட முக்கியமான நர்சிங் வேலை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாம் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து மருத்துவமனைகளில் எண்ணியதெல்லாம் நாம் செய்ததைத்தான். எத்தனை அறுவை சிகிச்சை, எத்தனை ஸ்கேன், எத்தனை படுக்கை நிரம்பியது. பில்லும் அந்தக் கணக்கில்தான். அந்த மனிதர் மறுபடி வயலில் இறங்கினாரா என்பதை நாம் எந்தக் கேஸ் ஷீட்டிலும் எழுதியதில்லை.

இதைக் கேட்டே தீர வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பிடிவாதமாக நின்றார். அவரைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். எர்னஸ்ட் அமோரி காட்மன், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். மாணவராக இருந்தபோது மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பு அவருக்கும் உடன் படித்த ஹார்வி குஷிங்குக்கும் வந்தது. அறுவையின்போது நாடித்துடிப்பையும் மூச்சையும் தாளில் குறித்துக்கொண்டே போகும் பழக்கத்தை அந்த இருவரும் தொடங்கினார்கள். தியேட்டரில் நீயும் நானும் நிரப்பிய மயக்க மருந்துத் தாளுக்கு அவர்களே முன்னோடிகள். பிறகு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய காட்மன், நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்தார். என்ன தொந்தரவோடு வந்தார், என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார். கடைசிக் கேள்விக்கு இடம் விட்டதுதான் அந்த அட்டையின் சிறப்பு. குணமாகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை என்பதையும் அதே அட்டையில் எழுத வேண்டும்.

பெரிய மருத்துவமனை இதை ஏற்கவில்லை. மூப்பின்படி அல்ல, சிகிச்சையின் முடிவைப் பார்த்தே மருத்துவர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்; அதையும் ஏற்கவில்லை. 1914இல் அங்கிருந்து விலகினார். அதற்கு முன்பே, 1911இல், தன் கொள்கையை நடத்திக் காட்டச் சொந்தமாக ஒரு சிறிய மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களின் சிகிச்சையில் நடந்த தவறுகள் 123 என்று தானே எண்ணி, அறிவுக் குறைவா, தீர்மானப் பிழையா, கவனக் குறைவா, நோயைக் கண்டறிவதில் சறுக்கலா என்று வகைப்படுத்தி, அச்சிட்டு வெளியிட்டார். தன் கத்தி செய்த பிழையைத் தன் கையாலேயே அச்சேற்றுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பார்.

1915 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவர்களின் கூட்டம் ஒன்றில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டினார். மணலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்ட நெருப்புக்கோழி ஒன்று மருத்துவர்களை நோக்கிப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளுவதுபோல வரைந்த படம். பணம் கொடுக்கும் மக்களுக்கு உண்மை தெரியாது, தெரியப்படுத்த யாரும் விரும்பவும் இல்லை என்பது அதன் பொருள். கூட்டம் கொதித்துப் போனது. மருத்துவச் சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பொறுப்பு பறிபோனது. வருமானமும் சுருங்கியது. 1940இல் இறந்தபோது அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. 2014இல்தான் அறுவை மருத்துவர்கள் சேர்ந்து ஒரு கல்லை நட்டார்கள்.

அவர் முன்னின்று வளர்த்த முயற்சிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் குறைந்தபட்சத் தரம் ஒன்றை வகுத்து, 100 படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. தேறியவை 89 மட்டுமே. 1919இல் அந்தப் பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று நியூயார்க்கில் ஓட்டல் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள். நாட்டின் பேர்பெற்ற மருத்துவமனைகள் சிலவும் தேறாதவற்றில் இருந்தனவாம். எரித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, பயந்தவர்கள். அந்தப் பயம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு மருத்துவமனையில், நான் பெயர் சொல்லப் போவதில்லை, தையல் பிரிந்து திரும்பி வந்தவர்களைத் தனி நோட்டில் எழுதாதே, புது அட்மிஷனாகவே போடு என்று ஒருமுறை எனக்குச் சொன்னார்கள். அந்த நோட்டு இருந்திருந்தால் எந்த தியேட்டரில் கிருமி என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். இன்றும் ஆறவில்லை எனக்கு.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2009இலிருந்து இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியிடமே கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் வாங்குகிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2012 அக்டோபர் முதல், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் மருத்துவமனைக்குக் கொடுக்கும் தொகையில் பிடித்தம் செய்தது. முதலில் அதிகபட்சம் 1 சதவீதம், பிறகு 3. நம் நாட்டிலும் 2022 கடைசியில் தேசிய சுகாதார ஆணையம், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளை ஐந்து அளவுகோல்களால் மதிப்பிடப்போவதாக அறிவித்தது. பயனாளியின் திருப்தி, வீடு போனவர் மறுபடி வந்து சேர்வது, கைக்காசு எவ்வளவு செலவானது, உறுதியான புகார்கள், வாழ்க்கைத் தரம் எவ்வளவு உயர்ந்தது என்பவை அவை. கைக்காசைச் சேர்த்தார்கள் பார், அதைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். காப்பீடு இருந்தும் வெளியே மருந்து வாங்கக் கம்மலை அடகு வைத்தவர்களை நீயும் நானும் பார்த்திருக்கிறோமே.

ஆனால் அளப்பதிலும் ஆபத்து இருக்கிறது. நியூயார்க் மாநிலம் இதய பைபாஸ் அறுவையில் எந்த மருத்துவரிடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று 1990களில் வெளியிடத் தொடங்கியது. இறப்பு குறைந்தது. கூடவே, நோய் முற்றியவர்களை மருத்துவர்கள் தட்டிக் கழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மெடிகேர் பிடித்தத்திலும் இதே கதை. ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளே அதிகம் அடிபட்டன. திரும்பி வருகிறவர் எல்லாம் மோசமான சிகிச்சையால் வருவதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மருந்து வாங்கக் காசில்லாமல் வருகிறார்கள். கடைசியில் சட்டத்தைத் திருத்தி, 2019 நிதியாண்டு முதல், ஏழை நோயாளிகளின் விகிதம் ஒத்த மருத்துவமனைகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். நம் ஊரில் பணத்தையும் மதிப்பெண்ணையும் இணைக்கும் நாள் வந்தால், இந்தத் திருத்தம் முதல் நாளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஏறிய, புண் ஆறாத, தனியாக வாழும் கிழவிக்கு எந்த வாசலும் திறக்காது.

இன்னொன்றும் இந்த வேலையில் நாள்தோறும் என்னை உறுத்துகிறது. நாங்கள் பயன்படுத்துவது ஆக்ஸ்போர்டில் உருவான கேள்வித்தாள். 12 கேள்விகள், 48 மதிப்பெண். நல்ல கருவிதான். கடைக்குத் தனியாகப் போக முடிகிறதா, மண்டியிட்டு எழ முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறது. ஆனால் எங்கள் நோயாளிகள், அதிலும் பெண்கள், முதலில் சொல்வது வேறு. தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, கோயிலில் எல்லோரும் கீழே இருக்க நான் மட்டும் நாற்காலி கேட்க வேண்டியிருக்கிறது, ஊருக்குப் போனால் கழிப்பறைதான் கவலை. 48க்கு 44 வாங்கிய ஓர் அம்மா, மகள் வீட்டு வளைகாப்புக்கே போகவில்லை என்றார். மூட்டு நன்றாக இருக்கிறது. அவர் எதற்காக அறுவைக்குச் சம்மதித்தாரோ அது கிடைக்கவில்லை. அறுவைக்கு முன்பே, தரையில் உட்காருவது இனி கடினம் என்று அவரிடம் தெளிவாகப் பேசியிருக்க வேண்டும். அதனால் தாளின் ஓரத்தில் கூடுதலாக ஒரு வரி எழுதிக்கொள்கிறேன்: எதற்காக இந்த அறுவையைச் செய்துகொண்டீர்கள், அது நடந்ததா? எங்கள் டாக்டர் அந்த வரிகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். இப்போது ஓபியில், அறுவைக்கு முன்னாலேயே அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து உன் பகுதியில் வீடு வீடாக இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை போகிறது. எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது எல்லா மேடையிலும் கேட்கிறது. உன் கிராமங்களில் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர் எத்தனை பேர், வராதவர்களுக்கு என்ன தடை என்பதை வீடு வீடாகப் போகும் உங்கள் பெண் தன்னார்வலர்கள் எப்படிக் கேட்டு எழுதுகிறார்கள்? பதிவேட்டில் ஒரு பக்கத்தை, பெயர்களை மறைத்து, படமெடுத்து அனுப்பு. எங்கள் கேள்விகளைத் திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன்; நகரத்தில் இருந்துகொண்டு தனியாக எழுத எனக்கு விருப்பமில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு வாங்கிவிட்டேன். வரட்டுமா?

அன்புடன்,
உன் விடுதித் தோழி