பிள்ளையின் இரத்த அறிக்கையில் பெரியவரின் அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் தனியார் ஆய்வுகூடங்கள் கூடியிருப்பது நல்லதுதான். ஆனால் 8 வயதுப் பிள்ளைக்கும் 50 வயதுத் தகப்பனுக்கும் ஒரே 'சாதாரண அளவு' அச்சிட்ட அறிக்கைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

மொத்தக் கொலஸ்ரோல் பெரியவருக்கு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் போதும். பிள்ளைக்கு 170க்குக் கீழ் இருக்க வேண்டும். ட்ரைகிளிசரைட் எனும் இரத்தக் கொழுப்பில் வித்தியாசம் இன்னும் பெரிது. பெரியவருக்கு 150 வரை விடுவார்கள். 9 வயது வரை 75க்குள்ளும் 10 வயதிலிருந்து 90க்குள்ளும் இருப்பதே நல்லது. 9 வயது வரை 100ஐயும் அதன்பின் 130ஐயும் தொட்டால் அது கூடுதல். (2011இல் அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவகத்தின் நிபுணர் குழு வகுத்த எல்லைகள் இவை.) 8 வயதுப் பிள்ளைக்கு ட்ரைகிளிசரைட் 140 வந்தாலும் தாளில் ஒரு அடையாளமும் விழாது.

ஈரல் பரிசோதனையில் பார்க்கும் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியத்தில் கதை தலைகீழ். வளரும் எலும்பிலிருந்தும் அது வருவதால் பிள்ளைகளில் இரண்டு மூன்று மடங்கு இருப்பது வழமை. அதற்கு 'எச்' (கூடுதல் என்ற அடையாளம்) விழுந்ததும் ஈரலில் பழுதென்று யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பொல்லாதது, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினின். 120 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு டெசிலீற்றருக்கு 1.0 மில்லிகிராம் என்று வந்தால் தாளில் உள்ள எல்லைக்குள் அடங்கிவிடும். உயரத்தை 0.413ஆல் பெருக்கி கிரியற்றினினால் பிரித்துப் பாருங்கள்: சிறுநீரக வடிகட்டல் ஏறக்குறைய 50. 90க்கு மேல் இருக்க வேண்டியது. சிறுநீரக நோய் பற்றி இவ்வளவு பேசும் வவுனியாவில் இது தவறிப்போகலாமா?

வெறும் வயிறு பற்றியும் ஒரு சொல். துணுக்காயிலிருந்து காலை பஸ்ஸில் வரும் பிள்ளை வழியில் பால்தேத்தண்ணி குடித்தால் ட்ரைகிளிசரைட்டும் சீனியும் ஏறும். மொத்தக் கொலஸ்ரோலும் 'நல்ல கொலஸ்ரோல்' எனப்படும் எச்.டி.எல்.லும் அவ்வளவு மாறாது. முன்னதில் பின்னதைக் கழித்து வருவது 120க்குக் கீழ் என்றால் பட்டினி போட்டு மறுபடி அலைக்கத் தேவையில்லை. 145ஐ எட்டினால் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு கிழமை முதல் மூன்று மாத இடைவெளியில் இரு தடவை. காய்ச்சல் வந்திருந்தால் மாறி மூன்று கிழமை பொறுக்கட்டும். நோய்க்காலத்தில் கொலஸ்ரோல் குறைத்துக் காட்டும்.

பதிவு செய்யும்போதே வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கேட்கிறார்கள். கணினியில் வயதுவாரியான எல்லைகளை ஒருமுறை ஏற்றினால் போதும். வட மாகாண சுகாதார சேவைகள் திணைக்களம் இதைத் தனியார் ஆய்வுகூடங்களுக்கு அறிவுறுத்த வேண்டும். அதுவரை, பரிசோதனைப் படிவத்தில் பிள்ளையின் உயரத்தையும் எழுதும்படி வைத்தியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.