பாயான் லெப்பாசுக்கும் ஒரு பலகை வையுங்கள்

மதிப்பிற்குரிய பினாங்கு மாநகர் கழகத்தாருக்கும், ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நடைகளை ஏற்பாடு செய்கிறவர்களுக்கும், இந்தத் தீவின் தமிழ்ச் சங்கங்களுக்கும்,

வணக்கம். நான் சுங்கை நிபோங்கில் குடியிருப்பவள். ஜூலை 7 விடுமுறை நாளில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இந்த மடலை எழுத வைத்தது.

2008ஆம் ஆண்டு அதே நாளில்தான் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாளைக் கொண்டாட எழுபது வயது அம்மாவையும் பன்னிரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு நடைப்பயணத்தில் சேர்ந்துகொண்டேன். கடைத் தெருவில் தொடங்கினோம். 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்கா, அப்புறம் பினாங்கு ஸ்திரீட்டில் தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடு. வழிகாட்டிய தம்பி ஒவ்வொன்றையும் ஆசையோடு விளக்கினார். அம்மாவுக்கு மகிழ்ச்சி. பிறந்ததிலிருந்து பார்க்கிற இடங்களைப் பற்றி இன்னொருவர் வாயால் கேட்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

கடைசியாக கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கத்து மணிக்கூண்டுக்கு வந்தோம். விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 1897இல் கட்டத் தொடங்கி 1902இல் முடித்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம் என்று தம்பி சொன்னார். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நான் வேலை செஞ்ச இடத்தை இந்த மாதிரி யாராவது காட்டுவாங்களாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாயங்காலம் காரை நேராக பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு விட்டேன். அம்மா 1974இல் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலைக் கட்டடம் இப்போது அங்கே இல்லை. வேறு பெயரில், வேறு உயரத்தில் இன்னொன்று நிற்கிறது. வேலிக்கு வெளியே இறங்கி ஒரு படம் எடுக்கப் போனோம், காவலாளி வந்து கூடாது என்றார். அவருக்கு இட்ட கட்டளை அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா மட்டும் சாலையோர மழைமரம் ஒன்றைக் காட்டி, "இங்கதான் பஸ் நிக்கும்" என்று பேரனிடம் சொன்னார். 29 ஆண்டு உழைப்புக்கு அந்த மரம்தான் அடையாளம். பலகை ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பினாங்கு வரியில்லாத் துறைமுகம். அந்தத் தகுதி 1969இல் போனது. துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்களில் வேலையில்லாத பிள்ளைகள் பெருகினார்கள். அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் இயூ, மாநில மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, தென்கிழக்கில் இருந்த நெல்வயல்களை நிரப்பி, 1972இல் நாட்டின் முதல் தடையற்ற வாணிப மண்டலத்தை அங்கே திறந்தார். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ், போஷ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டு சாமுராய்கள் என்பார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை இங்கேதான். 1975இல் அது தீயில் எரிந்தது. அதற்குப் பிறகும் நிறுவனம் ஊரை விட்டுப் போகவில்லை.

ஏன் பாயான் லெப்பாஸ்? விமான நிலையம் பக்கத்தில் இருந்தது. அங்கே செய்த ஐ.சி. என்னும் மின்சில்லு எடையே இல்லாத சரக்கு, ஆனால் விலை அதிகம். கப்பலில் வாரக்கணக்கில் காத்திருக்க அவசியமில்லை. மூட்டையும் பீப்பாயும் ஏற்றி இறக்கிப் பிழைத்த தீவு, கைக்கடக்கமான பெட்டிகளை விமானத்தில் ஏற்றிப் பிழைக்கத் தொடங்கியது அப்போதுதான். இது நம் ஊர் வரலாற்றில் பெரிய திருப்பம் என்று நான் நம்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைவீடுகளுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறோமோ அவ்வளவு மதிப்பு இதற்கும் உண்டு.

அந்தத் திருப்பத்தைக் கையால் செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். மலாய்க் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், ஜெலுத்தோங் சீனக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து வந்த நம் பிள்ளைகள். அம்மா மூன்றாவது கூட்டம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகாமல் மாதச் சம்பளத்துக்குப் போகிற முதல் பெண் எங்கள் குடும்பத்தில் அவர்தான். பாலம் 1985இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஃபெரி ஏறித்தான் தீவுக்கு வர வேண்டும். பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு ஃபெரியில் வந்து, ஜெலுத்தோங்கில் ஓர் அறையில் ஐந்து பெண்களோடு தங்கினார்.

வேலை என்னவென்று கேட்டால் அம்மா இன்றைக்கும் கையை அசைத்துத்தான் காட்டுவார். வெளிநாட்டிலிருந்து வட்டத் தகடாக வரும் சிலிக்கானைச் சின்னச் சின்னச் சதுரங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டுவார்கள். அந்தச் சதுரத்தின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகளையும் சட்டத்தின் கால்களையும் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைக்க வேண்டும். அதுதான் பாண்டிங். அம்மா பாண்டிங் ஆப்பரேட்டர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒரு கையால் பிடியை நகர்த்தி, இந்தப் புள்ளியில் ஒரு தொடல், அந்தக் காலில் ஒரு தொடல். "புள்ளிக் கோலம் மாதிரிதான். ஒரு புள்ளி விட்டுப்போனா கோலமே போச்சு" என்பார். கம்பி அறுந்தால் அந்த ஐ.சி. வீண். வெட்டி விழும் தங்கத் துணுக்கைக்கூடச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். அப்புறம் கறுப்பு நெகிழியில் மூடி, சோதித்து, விமானத்தில் அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் எந்த மூலையில் ஒரு கால்குலேட்டரைத் திறந்து பார்த்திருந்தாலும், உள்ளே இந்தத் தீவின் பெண்கள் போட்ட கோலம் இருந்திருக்கலாம். என் மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் தன் கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எண்பதுகளில் தானியங்கி இயந்திரங்கள் வந்தபோது அம்மாவைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கண் மங்கத் தொடங்கியதும் 2003இல் நின்றுவிட்டார்.

அந்தப் பெண்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மலாயில் மினா காரான் என்பார்கள். காரான் என்றால் நம் கரண்ட். மின்சாதனத் தொழிற்சாலைப் பெண்களை இளக்காரமாகச் சொல்கிற சொல். இரவு ஷிப்டு முடித்து விடியற்காலை ஏழு மணிக்குக் கிலாங் பஸ்சிலிருந்து, அதாவது தொழிற்சாலைப் பேருந்திலிருந்து, இறங்கி நடக்கும்போது, கடைவாசலில் நிற்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அந்தச் சம்பளத்தில்தான் அம்மா இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார். தோட்டத்து வீட்டுக்கு மாதம் தவறாமல் மணியார்டர் போனது. இதை நான் உருக்கத்துக்காக எழுதவில்லை. ஒரு தலைமுறையே இப்படித்தான் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது, அதற்கு எழுதப்பட்ட சாட்சி குறைவு என்பதற்காக எழுதுகிறேன்.

கொண்டாட்டங்களும் இருந்தன. ஆண்டு முடிவில் சுங்கை நிபோங் திடலில் நடக்கும் பெஸ்தா என்னும் கேளிக்கைச் சந்தைக்கு, லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து போவார்கள். மலாய்த் தோழி, சீனத் தோழி, அம்மா மூவரும் ராட்டினத்தின் முன் நிற்கும் படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு விடுப்புக் கிடைக்காதவர்கள் இரவு ஷிப்டை முடித்துக்கொண்டு நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவார்கள். அம்மாவின் தொழிற்சாலைத் தமிழர்கள் காசு போட்டு ஒரு தண்ணீர்ப் பந்தல் கட்டினார்கள். மோர் ஊற்றிக் கொடுக்க அந்தச் சீனத் தோழியும் வந்து நின்றாராம். 1894 முதல் ஓடுகிற வெள்ளி ரதத்தின் கதையைச் சொல்லும்போது, அதன் பாதையோரம் மோர் கொடுத்த இந்தக் கைகளின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொழில்நுட்பம் பாயான் லெப்பாசோடுதான் இங்கே வந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1870-71இல் சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் தந்திக் கம்பி போட்டு பினாங்கில் கரையேற்றினார்கள். இங்கிருந்து அது சிங்கப்பூருக்குப் போனது. கப்பலில் நாள்கணக்கில் வந்த செய்தி நிமிடக்கணக்கில் வரத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கும் நமக்கும் நடுவே ஓடிய முதல் கம்பி என்று அதைச் சொல்லலாம். உப்புநீர் உள்ளே போகாதபடி அந்தக் காலத்துக் கடல்கம்பிகளைச் சுற்றி கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால் பூசுவார்கள். அந்த மரம் நம் மலாய்க் காடுகளில் வளர்கிறது. இன்றைக்கும் ஆழ்கடல் இணையக் கம்பிகள் பினாங்கில் கரையேறுகின்றன. 1923இல் கொடிமலை என்று நாம் சொல்லும் பினாங்கு மலையில் ஓடத் தொடங்கிய கம்பிவட ரயிலும் இதே வரிசையில் வரும். கொடிமலை ரயில் ஏறாத பள்ளிப் பிள்ளை இங்கே அநேகமாக இல்லை, ஆனால் தந்திக் கம்பியின் கதையை என் மகன் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன்.

பாரம்பரிய எல்லையை மாற்றச் சொல்லவில்லை. அந்த மையப் பகுதியும் அதைச் சுற்றிய காப்புப் பகுதியும் சேர்ந்து 259 ஹெக்டர்தான், அதற்கென்று விதிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு நகரத்தின் நினைவு அந்தக் கோட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஜூலை மாதக் கொண்டாட்டத்தில் ஒரே ஒரு நாளைத் தெற்குப் பக்கம் கொண்டுவாருங்கள். வெல்ட் கீ ஃபெரித் துறையில் ஒரு பேருந்தை எடுங்கள், அம்மா போன்றவர்கள் வந்து இறங்கிய இடம் அது. தந்திக் கம்பியின் கதையை அங்கேயே சொல்லலாம். ஜெலுத்தோங் வழியாக, தொழிலாளர்களுக்காகவே எழுந்த பாயான் பாருவில் இறங்கி நடக்கலாம். முடிவில் வாணிப மண்டலத்துக்குள் போகலாம். போகிற வேகச்சாலைக்கு டாக்டர் லிம்மின் பெயர் இருக்கிறது, அவருக்கு அது முழுக்கத் தகும். வயலை மண்டலமாக்க அவர் முடிவெடுத்தார். அங்கே உட்கார்ந்து கம்பி கோத்தவர்களுக்கு ஒரு பலகை வையுங்கள், மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும்.

தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உற்பத்திக்கூடத்துக்குள் எங்களை விட முடியாது என்பது புரிகிறது. ஆண்டில் ஒரு நாள் வாசல் கூடத்தையாவது திறந்து, பழைய பாண்டிங் இயந்திரம் ஒன்றையும் மைக்ரோஸ்கோப் ஒன்றையும் வையுங்கள். ஓய்வுபெற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு வரட்டும். ஒரு பாட்டி அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால், எழுதி வைத்த எந்த விளக்கமும் அவருக்கு ஈடாகாது.

தமிழ்ச் சங்கத்தாரே, உங்களிடம் கேட்பதுதான் அவசரமானது. 1972இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அம்மாவின் அறைத்தோழிகள் ஐவரில் இருவர் இல்லை. இருப்பவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தாலே போதும். ஒவ்வொருவரும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பாட்டியைக் கண்டுபிடித்து, கைத்தொலைபேசியில் அரைமணி நேரம் பேச வைத்தால், ஒரே ஆண்டில் ஒரு நூலகம் சேர்ந்துவிடும். என்ன சாப்பாடு, எந்த பஸ், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். லைனில் மூன்று மொழியும் கலந்து பேசிய சொற்களை அப்படியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தீபாவளிப் பொதுவுபசரிப்பு மேடையில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு முன்னாள் ஆப்பரேட்டரைப் பேச அழைத்தாலும் நல்ல தொடக்கம்தான்.

அம்மாவின் முதல் அடையாள அட்டை இன்னும் எங்களிடம் இருக்கிறது. படம் மங்கிவிட்டது, எண் தெரிகிறது. கூடவே ஒரு சம்பள உறையும் அந்த பெஸ்தா படமும் உண்டு. கேட்டபோது, "கொடுத்துடு, ஆனா பேரை மட்டும் தமிழ்ல எழுதச் சொல்லு" என்றார். நீங்கள் ஓர் இடத்தைக் காட்டினால், மூன்றையும் அம்மாவே கொண்டுவந்து தருவார்.

இப்படிக்கு,
சுங்கை நிபோங் வாசி ஒருவர்