ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிந்ததிலிருந்து இன்றுவரை சங்கம் செய்த வேலைகளை இந்த அறிக்கையில் தருகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, குப்பை அகற்றல், கரையோர நடைபாதை ஆகிய வேலைகள் வழக்கம்போல நடந்தன. அவற்றில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆண்டு நம் நேரத்தையும் உழைப்பையும் பெருமளவு வாங்கிக்கொண்டது நம் வீட்டு வாசல்களில் நிற்கும் தானியங்கி கேட்டுகள்தான். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

கேட் பணிக்குழு

குளிர்காலத்தின் நடுவில் அடுத்தடுத்து ஒரே மாதிரியான புகார் வந்தது. காலையில் ரிமோட்டை அழுத்தினால் கேட் பாதிவரை வந்து நின்று, திரும்பிப் போய்விடுகிறது. வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் கேட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அவரும் கண்ட்ரோல் போர்டை மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். போர்டை மாற்றிய வீடுகளிலும் அடுத்த உறைபனிக் காலையில் அதே தொல்லை திரும்பி வந்தது. இப்படிப் பணம் வீணாவதைப் பார்த்துத்தான் செயற்குழு ஒரு பணிக்குழு அமைத்தது. வயரிங் வேலையில் நீண்ட அனுபவமுள்ள ஓர் உறுப்பினர், வெல்டிங் பட்டறை நடத்தும் ஒருவர், ஏணி பிடிக்கவும் பள்ளம் தோண்டவும் முன்வந்த இளைஞர்கள் என்று ஒரு நல்ல குழு சேர்ந்தது.

குழு முதலில் வகுத்துக்கொண்ட விதி எளிமையானது. எந்தக் கேட் மக்கர் செய்தாலும், கண்ட்ரோல் பெட்டியைத் திறப்பதற்கு முன் மெயின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, சாவி போட்டு மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். லேசாகப் போய்வந்தால் குறை மோட்டாரிலோ மின்சாரத்திலோ சென்சாரிலோ இருக்கிறது. கனமாக இருந்தாலோ, ஓரிடத்தில் இடித்தாலோ, பாதியில் விட்டால் தானாக நகர்ந்து போனாலோ குறை கேட்டிலேயே இருக்கிறது. போர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது. இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அதைச் செய்யாமல் பழுது பார்க்க வரும் யாரையும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

ஈரம் வரும் வழி

நம்மில் பலரும் மழைத்தண்ணீர்தான் பெட்டிக்குள் புகுகிறது என்று நினைத்து, மூடி விளிம்பு முழுக்க சிலிகான் பூசி வைத்திருந்தோம். குழு பார்த்தது வேறு. ஒரு வீட்டில் விடியற்காலையில் பெட்டியின் மூடியைத் திறந்தபோது, மூடியின் உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் கோத்து நின்றன. வெளிப்புறம் காய்ந்திருந்தது. முந்தைய நாட்களில் மழையும் இல்லை. கீழிருந்து ஏறிவரும் கேபிள் பைப்பின் வாயில் கையை வைத்தால் ஈரக்காற்று மெதுவாக மேலே வருவது தெரிந்தது. நிலத்தடியில் ஓடும் பைப் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும்; அதில் தேங்கிய தண்ணீரின் ஆவி மேலே ஏறி, குளிர்ந்த மூடியில் பட்டு நீராகிறது. அந்த நீர் சொட்டுச் சொட்டாக, மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே மேலும் கம்பிகளை இணைக்கும் டெர்மினல் மேலும் விழுகிறது.

ஏரிப் பக்கத்தில் இது மற்ற இடங்களைவிட மோசம். கோடையில் சூடேறிய ஏரி இலையுதிர் காலத்திலும் அந்தச் சூட்டை விடாமல் வைத்திருக்கும். மேலே காற்று குளிர்ந்துவிட, தண்ணீர் ஆவியாகிக் கரை முழுவதும் மூடுபனியாகப் படுக்கும். 10 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால், அதன் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 8.4 டிகிரி. அதாவது ஓர் இரும்பு மூடி காற்றைவிட இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், அதன்மேல் நீர் கோத்துவிடும். தெளிந்த இரவில் திறந்தவெளியில் நிற்கும் எந்த உலோகமும் அந்த அளவு குளிரும்.

தூசியும் தண்ணீரும் புகாமல் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐ.பி. தர எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.பி. 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே சேதம் வராது என்று பொருள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராவதை அந்த எண் தடுக்காது. ஒரு வீட்டில் கேட்டைப் பொருத்திய நிறுவனத்தின் ஆள் பெட்டியின் அடியில் இருந்த வடிகால் துளையையும் சேர்த்து சிலிகானால் அடைத்துவிட்டிருந்தார். உள்ளே இறங்கிய நீருக்குப் போக வழியே இல்லை. டிரான்ஸ்பார்மரின் அடிப்பகுதி முழுக்கத் துரு.

நாங்கள் செய்தது இதுதான்: பைப்பின் வாயைக் கேபிளைச் சுற்றிலும் அடைக்கும் களிம்பால் மூடினோம், பெட்டியின் அடித் துளையைத் திறந்துவிட்டோம், கேபிள் நுழைவுகள் மேலேயோ பக்கத்திலோ இருந்தால் அடிப்பக்கத்துக்கு மாற்றினோம், பெட்டிக்கு வெளியே கேபிளைக் கொஞ்சம் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலேற்றினோம். அப்படித் தொங்கினால்தான் கேபிள்மேல் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். பச்சை பூத்த செம்புக் கம்பிகளின் முனையை வெட்டி, புதிதாக உரித்து முடுக்கினோம். சிலிகா ஜெல் பைகளும் வைத்தோம். ஆனால் பைப்பை அடைக்காமல் அவற்றை மட்டும் வைத்துப் பயனில்லை, சீக்கிரமே ஈரம் குடித்து நிறைந்துவிடும்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு புகார், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விழுவது. இரவில் விழுகிறது, காலையில் ஏற்றினாலும் நிற்கவில்லை, மதியம் ஏற்றினால் நிற்கிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பில் ஈரம் இருக்கிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும், விழவும் வேண்டும். தொல்லை என்று அதைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுத்திருந்த ஓர் இடத்தில் குழு அன்றே வேலையை நிறுத்திவிட்டு மறுபடி அதைப் பொருத்தியது. ஈரத்தரையில், இரும்புக் கேட்டில் கைவைக்கும் இடத்தில் உயிரைக் காப்பது அந்தச் சிறு பெட்டிதான்.

குளிர்

உறைபனி முதலில் கிரீஸைப் பிடிக்கிறது. சாதாரண கிரீஸ் குளிரில் கெட்டியாகி மோட்டாரின் சுமையைக் கூட்டும். கனமான பாரம் இருப்பதாக உணரும் போர்டு, ஏதோ குறுக்கே இருக்கிறது என்று எண்ணிக் கேட்டைத் திருப்பி அனுப்பும். காலைப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, குளிர் தாங்கும் செயற்கை கிரீஸை மெல்லியதாகத் தடவியதும் பல கேட்டுகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. கீலில் ஸ்பிரே எண்ணெய் மட்டும் அடித்தால் அந்த வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் அது உள்ளிருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருப்பது தெரியும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் அந்த எண்ணெயே தடித்துவிடுவதால் காலையின் முதல் ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் குளிர்கால எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், கலக்கக் கூடாது.

அடுத்தது பேட்டரி. ஈய அமில பேட்டரியின் திறன் 0 டிகிரியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மைனஸ் 20 டிகிரியில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். முழுச் சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அது காலி என்றே கொள்ள வேண்டும். காலியான பேட்டரிக்குள் அமிலம் நீர்த்துப்போய் இருப்பதால் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உறைந்து, ஓடு வெடிக்கலாம். 24 வோல்ட் கேட்டுகளில் இரண்டு பேட்டரிகள் தொடராக இருக்கும். ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

தூண்கள் சாய்ந்த வீடுகளில்தான் செலவு அதிகமானது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. கரையோர மண் எப்போதும் ஈரமாகவே இருப்பதால், உறையும் மண் தூணின் பக்கங்களைக் கவ்வி மேலே தூக்கிவிடுகிறது. அடித்தளம் உறைநிலை ஆழத்துக்குக் கீழே இறங்காத தூண்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுகின்றன. கீல் கோணல் ஆகி, பூட்டு நாக்கு துளைக்கு நேராக வராமல், வழியில் ஏதாவது குறுக்கிட்டால் கண்டறியும் கண் சென்சார்கள் ஒன்றையொன்று பார்க்காமல் போவதெல்லாம் அதன் விளைவு. கீலைச் சரிசெய்தால் ஒரு பருவம் ஓடும். அடித்தளத்தைத் தோண்டி ஆழப்படுத்தி, சரளை போட்டு நீர் வடிய வழி செய்தால்தான் தீரும். இதை ஏற்றுக்கொண்டு செலவு செய்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் சார்பில் தனியாக நன்றி சொல்கிறேன். இரும்புச் சட்டங்களின் அடியில் சிறு துளை இல்லாத கேட்டுகளில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து குழாயையே பிளந்திருந்தது. பட்டறை நடத்தும் உறுப்பினர் அவற்றைப் பற்றவைத்து, துளையிட்டு, துத்தநாகப் பூச்சு கொடுத்தார்.

இழுத்துத் திறக்கும் கேட் வைத்திருப்பவர்கள் தண்டவாளத்தில் பனியும் உப்பும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி உருக்க வாசலில் தூவும் உப்பு, சக்கரத்தின் பேரிங்கைத் தின்றுவிடும். கேட்டில் உள்ள பல்சட்டத்துக்கும் அதை நகர்த்தும் மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் இடையே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்; தூணோ தரையோ எழும்பினால் முதலில் அந்த இடைவெளிதான் போகும், கேட்டின் பாரம் முழுக்க மோட்டாரின் மேல் உட்கார்ந்துவிடும்.

விசையைக் கூட்டாதீர்கள்

இந்த அறிக்கையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். குளிரில் கேட் நின்று திரும்பினால், போர்டில் உள்ள விசைத் திருகை ஏற்றிவிடுவது எளிது. கேட் ஓடும். யாரும் அதைத் திரும்ப இறக்குவதில்லை. வெயில் காலத்தில் கிரீஸ் இளகி, கேட் லேசாகி, அதே முழு விசையோடு ஓடிக்கொண்டிருக்கும். அதன் வழியில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பிய தர விதி இ.என். 12453, நசுங்கக்கூடிய குறுகிய இடைவெளியில் கேட் மோதும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. அது ஏறத்தாழ 40 கிலோ பாரம். முக்கால் நொடிக்குள் அது 150 நியூட்டனுக்கு இறங்கியும் ஆக வேண்டும். அமெரிக்காவின் யு.எல். 325 விதி, 2016 முதல், கண் சென்சாரும், எதிலாவது பட்டால் உணரும் பாதுகாப்பு விளிம்பும் இணைப்பில் இருக்கின்றனவா என்று போர்டே கண்காணிக்க வேண்டும் என்று சொல்கிறது. இணைப்பு அறுந்தால் தானாக ஓடக் கூடாது.

சில வீடுகளில் கண் சென்சார் டெர்மினல்களைச் சிறு வயர் துண்டால் இணைத்து ஏமாற்றியிருந்தார்கள். சென்சார் அடிக்கடி தடுக்கிறது என்பதுதான் காரணம். ஏன் தடுக்கிறது? கண்ணாடியில் பனி கோத்திருக்கும், விளக்குக்கு வரும் ஏரிப் பூச்சிகளைப் பிடிக்கச் சிலந்தி குறுக்கே வலை கட்டியிருக்கும், அல்லது குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் சூரியன் நேராக, சென்சாரின் ஒளியை வாங்கும் ரிசீவரில் அடிக்கும். துணியால் துடைப்பது, ரிசீவரையும் ஒளியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரையும் இடம் மாற்றிப் பொருத்துவது, சிறு மறைப்பு வைப்பது ஆகியவற்றால் எல்லாம் தீர்ந்தன. வயர் துண்டுகளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டோம். மறுபடி யாரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் கை வைப்பவர்கள் மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். ஏ.சி. மோட்டார் உறுமிக்கொண்டு ஓடாமல் நின்றால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். அது மின்சாரம் அணைந்த பின்னும் அதிர்ச்சி தரும், பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

வரும் ஆண்டு

செயற்குழு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது. முதல் உறைபனிக்கு முன் ஒரு முறையும், குளிர்காலம் முடிந்ததும் ஒரு முறையும் எல்லாக் கேட்டுகளையும் பணிக்குழு பார்வையிடும். இரண்டாம் பார்வையில் விசை அளவு கட்டாயம் சோதிக்கப்படும். அதற்காக விசை அளக்கும் கருவி ஒன்றும், கேபிளின் காப்பு அளக்கும் மெக்கர் ஒன்றும் சங்கத்தின் பொதுச் செலவில் வாங்கப்படும். மோட்டாரை விடுவிக்கும் சாவி வீட்டில் எங்கே இருக்கிறது என்பது அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாவித்துளையில் கிராபைட் பொடி போட்டு வைக்க வேண்டும். உறைந்த பூட்டில் வெந்நீர் ஊற்றினால் அந்த நீரே சற்று நேரத்தில் உறைந்து பூட்டை இன்னும் இறுக்கிவிடும். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது சாவியைத் தேடும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

விடியற்காலைக் குளிரில் கையுறை கழற்றித் திருகு முடுக்கிய பணிக்குழுவினருக்கும், தேநீர் கொடுத்து வாசலிலேயே கூட நின்ற வீட்டாருக்கும், பட்டறையைத் திறந்துவைத்த உறுப்பினருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்