மூட் கோர்ட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் கண் பரிசோதனை முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்ற செய்திகளைத் தம்பி உனக்குச் சொல்லியிருப்பான் என்பதால் நான் திரும்ப எழுதவில்லை.

சட்ட மாணவர்கள் ஒரு கற்பனை வழக்கில் வாதாடும் ஜெசப் மூட் கோர்ட் போட்டிக்கான எழுத்து வாதங்களை நீங்கள் ஜனவரியில் உரிய நாளில் சமர்ப்பித்துவிட்டதும், நாட்டுச் சுற்றுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருப்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிசம்பரில் உன் மெமோரியலை, அதாவது அந்த எழுத்து வாதத்தை, எனக்கு அனுப்பச் சொல்லி எழுதினேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொலைபேசியில் பேசினால், தூங்குகிறேன், சாப்பிடுகிறேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். 31 ஆண்டுகள் யார் யாருடைய எழுத்தையோ பிழை திருத்தியவனுக்கு மகளின் ஒரு பக்கத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகுதான் அந்தப் போட்டியின் விதிகளைத் தேடிப் படித்தேன். ஆய்வும் எழுத்தும் திருத்தமும் அணியில் உள்ள மாணவர்களே செய்யவேண்டியவை என்றும், வெளியாட்கள் பொதுவான ஆலோசனைக்கு அப்பால் போகக்கூடாது என்றும் அதில் இருந்தது. நான் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தியிருந்தால்கூட உனக்குச் சங்கடமாகியிருக்கும். நீ அனுப்பாதது சரிதான். ஆனால், ‘விதி இடம் தராது அப்பா’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே அம்மா? எழுதினால் நான் கோபப்படுவேன் என்று நினைத்தாயா? இந்தக் கேள்வியை எழுதும்போதே அதற்கான பதில் எனக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆகஸ்டில் உள்தேர்வில் நீ தேர்வானதைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, ‘இதனால் படிப்பு கெடாதா?’ என்பதுதான். மூட் கோர்ட் என்பது கல்லூரி ஆண்டுவிழா நாடகம் போல, கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு நின்று பேசும் பேச்சுப்போட்டி என்றுதான் அன்று எண்ணியிருந்தேன். இந்த ஐந்து மாதங்களில் எவ்வளவோ படித்துவிட்டேன். செப்டம்பரில் வெளியாகும் ஒரு கற்பனை வழக்கை எடுத்து, வழக்குத் தொடுக்கும் நாட்டுக்கு ஒரு மெமோரியல், எதிர்த்தரப்பு நாட்டுக்கு ஒரு மெமோரியல் என்று இரண்டையும் ஒரே அணி எழுதி, பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று வாதாடவேண்டும் என்பது தெரிந்தபோது முதலில் எனக்கு அது உறுத்தியது. இன்று ஒன்றைச் சொல்லி நாளை அதற்கு நேர்மாறாகச் சொல்வது நேர்மையா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். எதிராளியின் நியாயத்தைத் தானே ஒருமுறை எழுதிப் பார்த்தவர் அவரை அலட்சியமாக நினைக்கமாட்டார் என்றாள். அவள் சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

1960இல் ஹார்வர்டில் இந்தப் போட்டி தொடங்கியபோது, கியூபாவின் நிலச்சீர்திருத்தத்தை வைத்து முதல் வழக்கை எழுதிய ஸ்டீபன் ஷ்வேபல், பிற்காலத்தில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திலேயே நீதிபதியாகி, 1997 முதல் 2000 வரை அதன் தலைவராகவும் இருந்திருக்கிறார். 15 நீதிபதிகள் அமரும் அந்த நீதிமன்றத்துக்கு 1995இல்தான் முதன்முதலாக ஒரு பெண், ரோசலின் ஹிக்கின்ஸ், நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 2006இல் அவரும் தலைவரானார். இவற்றையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன். என் மகள் அந்த நீதிமன்றத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒரு வழக்கில் வாதாடப் போகிறாள் என்று வேலையிடத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

இனி நான் எழுதுவது உன் வழக்கைப் பற்றியதல்ல. அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. வாய்மொழிச் சுற்றைப் பற்றிப் பொதுவாக நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உன் பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள். ஓர் அணிக்கு 45 நிமிடம், அதை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறீர்கள் என்றால் உனக்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அந்த நேரத்தை மனப்பாடம் செய்த உரையால் நிரப்பிக்கொண்டு போகாதே. நீதிபதிகள் குறுக்கிடுவார்கள்; குறுக்கிடத்தான் அமர்ந்திருக்கிறார்கள். மாணவர்கள் கண்ணில் படாத பெஞ்ச் மெமோ, அதாவது நீதிபதிகளுக்கான வழக்குக் குறிப்பு, ஒன்று அவர்கள் கையில் இருக்குமாம். எந்த இடத்தில் வாதம் பலவீனமானது என்பதை அறிந்தே கேட்பார்கள். ஆகவே, கேள்வி வந்தால் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்து. கேள்வியை முழுதாகக் கேள். ஆம் அல்லது இல்லை என்று முதலில் சொல், பிறகு காரணம் சொல். ‘அதற்குப் பின்னர் வருகிறேன்’ என்று தள்ளிப்போடாதே.

ஓர் எடுத்துக்காட்டு. சட்ட மாணவர் எவருக்கும் தெரிந்த பொதுச் செய்திதான். சர்வதேச நீதிமன்றத்தின் சாசனத்தில் 59ஆம் பிரிவு, ஒரு தீர்ப்பு அந்த வழக்கின் தரப்பினரை மட்டுமே, அந்த வழக்கின் அளவில் மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது. அப்படியிருக்க, பழைய தீர்ப்பொன்றை ஏன் என் முன்னால் நீட்டுகிறாய் என்று ஒரு நீதிபதி கேட்டால், கேட்பவர் கோபக்காரராகத் தோன்றலாம். ஆனால் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது: ஆம், அது இந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆயினும் சட்டம் இன்னதென்று கண்டறிய உதவும் துணைச் சாதனமாகத் தீர்ப்புகளை 38ஆம் பிரிவு ஏற்கிறது. முதலில் ஒப்புக்கொள்ளவேண்டியதை ஒப்புக்கொண்டு, பிறகு தன் பக்கத்தை நிறுத்துகிற அந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பதில் தெரியாத கேள்வியானால் தெரியவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாதத்துக்குத் திரும்பு. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் மௌனமாக நிற்காதே. கேள்வி வந்தால் நிறுத்து, கேள், பதில் சொல். இதை மூன்று முறை எழுதிவிட்டேன் போலிருக்கிறது. இன்னும் எழுதவேண்டும் போலவும் இருக்கிறது.

ஏன் இதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். தம்பிமேல் கோபப்படாதே, அவன் சொல்ல மறுத்தான், நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். சென்ற வாரப் பயிற்சிச் சுற்றில், நீதிபதியாக அமர்ந்திருந்த ஒருவர் குரலை உயர்த்திக் கேள்வி கேட்டதும் நீ மேசையைப் பார்த்தபடி நின்றுவிட்டாய் என்றும், உன் தோழி இடையிட்டுத் தொடர்ந்தாள் என்றும், அன்றிரவு நீ அணியிலிருந்து விலகிவிடலாமா என்று அவனிடம் கேட்டாய் என்றும் அறிந்தேன். விடை உனக்குத் தெரிந்திருந்ததாம். அறைக்குத் திரும்பியதும் அவனிடம் அதை முழுதாகச் சொன்னாயாம்.

அன்று முதல் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உன்னை நான் நேரில் பார்த்திருக்கிறேன் அம்மா, பலமுறை. மாடி அறைக் கடிகார விவகாரம் நடந்தபோது நீ எட்டாம் வகுப்பில் இருந்தாய். ‘ஏன் செய்தாய், சொல்’ என்று நான் கேட்டேன். நீ அழவில்லை. நேராக நின்று, ‘அப்பா, அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன, முதலாவது’ என்று தொடங்கினாய். நான் உன்னை முடிக்கவிடவில்லை. ‘பெரிய வக்கீல் என்ற நினைப்பா? எதிர்த்துப் பேசாதே’ என்று கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதைப் பணிவு என்று எண்ணி நான் திருப்திப்பட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். நீ சட்டப் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது ஊரெல்லாம் ‘அவள் சின்ன வயதிலேயே வக்கீல்தான்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவனும் நானேதான்.

வாதத்தின் தொடக்கத்தில், தான் எத்தனை விஷயங்களைச் சொல்லப்போகிறோம் என்பதை எண்ணிட்டு நீதிபதிகளுக்குச் சொல்லிவிடவேண்டும் என்று மூட் பயிற்சியில் கற்றுத்தருகிறார்கள். அதைப் படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டேன். பதின்மூன்று வயதில், யாரும் சொல்லித்தராமல், நீ அதைச் செய்தாய். அதை நான் வாயாடித்தனம் என்றேன். என் வீட்டில் கேள்வி என்பது தண்டனையின் முதல் பகுதியாக இருந்தது. பதிலை எதிர்பார்த்து நான் கேட்டதே இல்லை. நீதிபதியின் கேள்வி அப்படியல்ல. அவர் குரல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அவர் உன் பதிலைக் கேட்கத்தான் நிறுத்துகிறார். குரல் உயர்ந்தால் வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்பது நீ என்னிடமிருந்து கற்ற பாடம். அது தவறான பாடம். அதைக் கற்பித்தவன் இப்போது தவறு என்று எழுதித் தருகிறேன்.

விலகுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். படிப்பு கெடும் என்று இனி நான் சொல்லமாட்டேன். ஆய்வில் மட்டும் இருந்துகொண்டு வாதத்தைத் தோழிக்கு விட்டுக்கொடுப்பதும் உன் விருப்பம். மெமோரியலின் பாதி உன் கையால் எழுதப்பட்டது என்று தம்பி சொன்னான், அதுவே எனக்குப் பெருமைதான். ஆனால் நீ விடை தெரியாமல் நிற்கவில்லை என்பதை மட்டும் மறக்காதே. நிற்பதாக இருந்தால், கடைசிப் பத்து நிமிடப் பதில்வாதத்தை நீயே எடுத்துக்கொள்ள முடியுமா என்று அணியில் கேட்டுப் பார். எதிர்த்தரப்பு சொன்னவற்றுக்குள் மட்டும் நின்று, எழுதிவைக்காமல் பேசவேண்டிய இடம் அது. உனக்கு அது வரும். எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு நான் அழைக்கிறேன். போட்டியைப் பற்றிப் பேசவேண்டாம். கடிகார விவகாரத்தில் உன்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. நான் முதலாவதைக்கூடக் கேட்கவில்லை. மூன்றையும் சொல். நடுவில் குறுக்கிட்டால், கேள்வி கேட்பதற்காக மட்டுமே குறுக்கிடுவேன். பதிலுக்கும் காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா