குடியுரிமை மனு முட்டி நிற்கும் இடம்: உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்திய உள்துறை அமைச்சக அதிகாரிகளுக்கு,

தமிழக மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். அந்த மனு எங்கே நின்றுபோகிறது என்பதை எழுதுகிறோம்.

1955 குடியுரிமைச் சட்டம், பிரிவு 2(1)(ஆ). கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவரும் விசா முடிந்தபின் தங்கியவரும் ‘சட்டவிரோதக் குடியேறி’. பதிவு வழியாகக் குடியுரிமை தரும் பிரிவு 5, நீண்ட காலம் வசித்ததால் குடியுரிமை தரும் பிரிவு 6 இரண்டுமே அவருக்கு மூடிய கதவு. பிரிவு 6 கேட்கும் வசிப்புக் காலம், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழி எல்லாம் அவரிடம் தாராளமாக உண்டு. படகில் தப்பி வந்தவரிடம் கடவுச்சீட்டுதான் இல்லை. மனுவோடு நீங்கள் கேட்பதோ அதன் நகலை! 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு 2025இல் தண்டனை விலக்கு அளித்தீர்கள். நல்லது. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரை மட்டும் போகவில்லை. 2019இல் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் சிறுபான்மையினருக்காகப் பிரிவு 2(1)(ஆ)வில் சேர்த்தது போன்ற ஒரு காப்புரையை (விதிவிலக்கு வாசகத்தை) இவர்களுக்கும் சேருங்கள். கடவுச்சீட்டு நகலுக்குப் பதில் முகாம் அடையாள அட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

திருத்தத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது இதனால்தான். ஒவ்வொருவரும் வக்கீல் வைத்தா இதை வாங்க வேண்டும்? முகாம் பதிவேட்டையும் பிறப்புச் சான்றையும் ஒப்பிட்டு ஆட்சியரே பட்டியல் எடுத்துவிடலாம். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்து, தாயோ தகப்பனோ இந்தியராக இருப்பவர்களும் அதில் வருவார்கள். அதற்குப் பின் பிறந்த தம்பி தங்கைக்கு, பெற்றோரில் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பதால், உரிமை இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தம்பி அகதி.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத்தாரின் சிக்கல் வேறு. 1964இல் இலங்கையோடு செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இவர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த குடும்பங்களில் சில, கலவரத்துக்கு அஞ்சிப் படகேறி வந்து அகதிகளாகப் பதிவாயின. பிரிவு 5(1)(அ)வின்படி ‘இந்திய வம்சாவளியினர்’ ஆக, தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியதோ பெரும்பாலும் பாட்டன், பூட்டன். முத்திரையை நீக்கினாலும் இந்த வழி அவர்களுக்குத் திறக்காது. விளக்கத்தில் பாட்டன் பாட்டியையும் சேருங்கள். ஒப்பந்தக் கால விண்ணப்ப ரசீதையும் தோட்டப் பதிவையும் சான்றாக ஏற்கும்படி ஆட்சியர்களுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தாலுகா அலுவலகத்தில் எடுபடாது.

இப்படிக்கு,
முகாம் சட்ட உதவித் தன்னார்வலர்கள்