ஹிஸ்டரி மேஜர் எடுக்கப்போற பாப்புவுக்கு

அன்புள்ள பாப்பு,

போன ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது நீ "நான் காலேஜ்ல ஹிஸ்டரிய மேஜரா, அதாவது மெயின் பாடமா எடுத்துட்டு டாக்டராகப்போறேன்"னு சொன்னதும் உங்கப்பா கரண்டிய சாம்பார்லயே விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு, ஸ்பீக்கர்ல இருந்த திருச்சி தாத்தா "ஹிஸ்டரி படிச்சா ஊசி எப்படிம்மா போடுவ"ன்னு கேட்டாரு, நான் சிரிச்சிட்டேன். சாரிடா. தாத்தா மேல தப்பே இல்ல, அங்க பிளஸ் டூ முடிச்சு நீட் எழுதினா நேரா எம்பிபிஎஸ். இங்க அமெரிக்கால நாலு வருஷம் ஒரு டிகிரி முடிச்சப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூலே, அந்த டிகிரி சயின்ஸாதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இத அவருக்கு நான் மூணு தடவ சொல்லிட்டேன்.

உங்கப்பாவுக்கு வேணும்னா ஹெரால்ட் வார்மஸ் கதைய சொல்லு. ஆம்ஹர்ஸ்ட்ல இங்கிலீஷ் லிட்ரேச்சர், ஹார்வர்ட்ல அதுலயே மாஸ்டர்ஸ், ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூல் ரெண்டு தடவ வேணாம்னு அனுப்பிட்டாங்க, கொலம்பியால சேந்தாரு, 1989ல கேன்சர் ஜீன் ஆராய்ச்சிக்கு நோபல். ஆனா நீ இத நம்பி இறங்காத, நோபல் கதைய வச்சு யாரும் டைம்டேபிள் போட முடியாது.

எனக்கு பயமே டைம்டேபிள்ல தான். நீ என்ன மேஜர் எடுத்தாலும் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் எல்லாம் ஒவ்வொண்ணும் லேபோட ஒரு வருஷம், அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, மேத்ஸ் இல்லன்னா ஸ்டாட்ஸ், இதெல்லாம் பெரும்பாலும் எடுத்தே ஆகணும். அப்ளிகேஷன் போடும்போது பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் மார்க்க மட்டும் தனியா எடுத்து ஒரு ஜிபிஏ, அதாவது நாலுக்கு எவ்வளவுன்னு ஒரு சராசரி போடுவாங்க. ஏன்னா 4, சின்னா 2. இங்கதான் ஹிஸ்டரி பசங்க மாட்டிக்கிறாங்க. பயாலஜி மேஜர் பையன் அந்த மாதிரி 20 கோர்ஸ் எடுத்து ஒண்ணுல சி வாங்கி மத்ததெல்லாம் ஏ வாங்கினா 3.9. நீ எடுக்கப்போறது 10 தான், அதே ஒரு சி உன்னை 3.8க்கு இறக்கிடும். ஹிஸ்டரில நீ எத்தனை ஏ வாங்கினாலும் அந்தக் கணக்குல சேராது.

நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். எல்லாரும் "சேஃப்"னு சொன்னாங்கன்னு பயாலஜி எடுத்தேன், பிடிச்சு இல்ல. 300 பேர் உக்காந்த ஹால், ஆர்கானிக்ல சி பிளஸ், அதுக்கப்புறம் ஒரு ப்ரொபசர்கிட்ட மெடிக்கல் ஸ்கூலுக்கு சிபாரிசு லெட்டர் கேக்கப் போனா "நீ எந்த செக்ஷன்?"னு கேட்டாரு. நாலு வருஷம் ஆச்சு, ஒருத்தருக்கும் என் பேர் தெரியல! மெடிக்கல் ஸ்கூல் கெடைக்கல, அந்த டிகிரியும் எனக்குப் பிடிச்சதா இல்ல, இப்போ பில்லிங் கோட் பாத்துட்டு இருக்கேன். உன் ஹிஸ்டரி செமினார்ல 12 பேர்தான், அங்க உன் பேர் தெரியும். ஆனா நிறைய மெடிக்கல் ஸ்கூல்ல சயின்ஸ் ப்ரொபசர் ரெண்டு பேர் லெட்டரும் கேப்பாங்க, அதனால கெமிஸ்ட்ரி ப்ரொபசரோட ஆபீஸ் அவர்ஸ்க்கு, அதாவது பசங்க நேர்ல போய் டவுட் கேக்கற நேரத்துக்கு, முதல் மாசத்துல இருந்தே போய் உக்காரு, டவுட் இல்லன்னாலும் போ.

மெடிக்கல் ஸ்கூலுக்கான என்ட்ரன்ஸ் பரீட்சை எம்கேட்ல மொத்தம் நாலு செக்ஷன், அதுல ஒண்ணு முழுக்க ரீடிங், 90 நிமிஷத்துல 53 கேள்வி, பாசேஜெல்லாம் ஹிஸ்டரி, தத்துவம், கலை மாதிரி. அது உனக்கு அல்வா. மிச்சம் மூணுல ரெண்டு நேரடியா சயின்ஸ், 2015ல இருந்து இன்னொண்ணு சைக்காலஜியும் சோஷியாலஜியும், அதுக்கு தனியா படிக்கணும். படிப்பு முடிச்ச கையோட சேரணும்னா மூணாவது வருஷம் முடியறதுக்குள்ள எம்கேட், நாலாவது வருஷம் தீசிஸும் இன்டர்வியூவும் ஒரே நேரத்துல வந்து நிக்கும். ஒரு வருஷம் கழிச்சு அப்ளை பண்ணு, இங்க நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. "கேப் இயர்"ங்கற வார்த்தைய மட்டும் உங்கப்பா முன்னாடி இப்போ எடுக்காத, ஒரு சண்டை முடியட்டும்.

அப்புறம் ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல்ல படிக்கிற ஏபி பயாலஜி கிரெடிட்ட சில மெடிக்கல் ஸ்கூல் ஒத்துக்கறதில்ல, அத முதல்ல செக் பண்ணு.

உன் செமினார் செவ்வாய் மதியமா வியாழன் மதியமான்னு இன்னிக்கே மெசேஜ் போடு, ஆர்கானிக் லேப் எந்த நாள்னு பாத்து ரெண்டு பேரும் சேந்து போட்டுடலாம். தாத்தாவுக்கு நான் போன் பண்றேன், இது நாலாவது தடவ.

சித்தி